இரண்டு இராகு காலம்

மகள் பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு எடுத்த அன்று, உனக்கு என்ன வேணும் என்று கேட்டுவிட்டேன். சங்கிலி கேட்பாள், புதுப் போன் கேட்பாள் என்றுதான் நினைத்தேன். இரண்டும் கடையில் கிடைக்கும் சாமான்.

"மூண்டு நாள் வேணும்," என்றாள் சிவானுஜா.

"என்ன மூண்டு நாள்?"

"ஒரு கேம்பர் வாடகைக்கு எடுக்கிறம். செஃபலூவுக்கு அங்காலை கடற்கரையிலை விட்டிட்டு மூண்டு நாள் இருக்கிறம். நீங்கள், அம்மா, நான். வேறை ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் எண்டால்?"

"நான் மாமா, மாமி எண்டு கூப்பிட வேண்டிய ஒருத்தரும்."

கேம்பர் என்பது படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள வாகனம். இத்தாலியர்கள் ஓகஸ்ட் மாதத்தில் நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, அதைவிடச் சின்ன வீடொன்றுக்குச் சில்லுப் பூட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோய், அதற்குள் நெருக்கிப் படுத்து மகிழ்வார்கள். எங்களுக்கு அந்த மகிழ்ச்சி பதினெட்டு வருடமாக வீட்டிலேயே கிடைத்துவந்தது. பலேர்மோ நகரில், கபோ சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில், இரண்டு அறை. முன்னறைச் சோபாவில் எப்போதும் யாராவது படுத்திருப்பார்கள். வேலை தேடி இரண்டு கிழமைக்கு வந்தவர் பதினான்கு மாதம் இருந்தார். மனைவியோடு கோபித்துக்கொண்டு வந்த ஒருவர், அந்த மனைவி சமாதானம் பேச வந்தபோது அவரையும் எங்கள் வீட்டிலேயே தங்கவைத்தார். யாரையும் நாங்கள் அழைத்ததில்லை. யாரையும் வேண்டாம் என்று சொன்னதுமில்லை.

"நாங்கள் மூண்டு பேரும் மட்டும் எங்கையாவது போயிருக்கிறமோ, அப்பா? யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசித்தேன். நான் நன்றாக யோசிப்பவன். அதில் யாரும் குறை சொன்னதில்லை.

"குவெஸ்தூராவுக்கு மட்டும்தான்," என்று அவளே சொன்னாள். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகத்துக்குப் போகும் நாட்களைச் சொன்னாள். "அது எனக்கு விருப்பம். நம்பர் கூப்பிடுமட்டும் நீங்கள் ரண்டு பேரும் எனக்குப் பக்கத்திலேயே இருப்பியள். அம்மா பாணுக்குள்ளை முட்டை வைச்சுக் கொண்டு வருவா. ஒருத்தரும் கதவு தட்ட மாட்டினம்."

அவள் செப்டெம்பரில் படிக்கப் பொலோஞ்ஞாவுக்குப் போகிறாள். ஆட்கள் குடும்பப் பயணமென்று மலைக்கும் கடலுக்கும் போவார்கள். என் பிள்ளைக்குக் கிடைத்தது பொலிசில் உட்கார ஒரு வாங்கு.

"சரி," என்றேன். அந்த மாதம் நான் வாய்திறந்து சொன்ன ஒரே 'சரி' அதுதான். மற்றவற்றையெல்லாம் மற்றவர்களே எனக்காகச் சொல்லிக்கொண்டார்கள்.

நான் வேலை செய்வது ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டில். துடைப்பது, சமைப்பது, காரில் கூட்டிப்போவது. அவர் பகலில் தூங்கும்போது சமையலறைக் கதிரையில் இருந்து வாசிப்பேன். "கஜானன் இருப்பதே தெரியாது" என்று சினேகிதிகளிடம் பெருமையாகச் சொல்வார். அவர் வீட்டு அலுமாரிக்கும் அந்தப் பெருமை உண்டு. அலுமாரியை நான் துடைக்கிறேன் என்பது மட்டும்தான் வித்தியாசம். இத்தாலியர்கள் என் மௌனத்தை மரியாதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஆட்கள் அதை 'ஓம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சிவானுஜா ஒரு மாதமாகத் திட்டம் போட்டாள். நாலு பேர் படுக்கக்கூடிய கேம்பர் ஒன்றைப் பிடித்தாள். கடலோர முகாமில் எந்த இடத்துக்குக் காலையில் நிழல் விழும் என்று படத்தில் பார்த்து அந்த இடத்தையே பதிந்தாள். மூன்று மஞ்சள் தட்டு வாங்கினாள். ஓகஸ்ட் பதினோராம் திகதி, திங்கட்கிழமை. சிஞ்ஞோரா மலைக்குப் போய்விடுவார். என் மனைவி ஞானம்பிகை துப்புரவு செய்யும் பல் வைத்தியரின் இடமும் பூட்டு.

ஞானம் இதை யாருக்கும் சொல்லவில்லை. தம்பியிடம் மட்டும் சொன்னாள்.

தம்பி றஞ்சித் துறைமுகத்தில் வேலை. நாப்போலிக்குப் போகும் கப்பலில் பயணிகளின் அறைகளைத் துப்புரவாக்குவான். ஆகவே பயணம் என்றால் என்னவென்று எங்கள் எல்லோரையும்விட அவனுக்குத் தெரியும். கப்பல் புறப்படும்போது அவன் அதற்குள் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

"அத்தான், அக்கா சொன்னா," என்று போனில் வந்தான். "நல்ல யோசனை. பொடியளும் எத்தினை நாளாக் கடல் கடல் எண்டு நிக்குதுகள். நாங்களும் வாறம், என்ன?"

மறுப்பை எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். பிள்ளையின் ஆசை என்று தொடங்கலாம். அப்படியென்றால் பிள்ளைக்கு எங்களைப் பிடிக்காதோ என்பான். இடம் காணாது என்று தொடங்கலாம். பாய் விரிக்கலாம் என்பான். மனதுக்குள் 'றஞ்சித், குறை நினைக்காதை' என்பது வரை வந்துவிட்டேன்.

"சரி அத்தான், அப்ப நான் அனிற்றாவுக்குச் சொல்லுறன்," என்று வைத்துவிட்டான்.

அப்படி நாங்கள் மூன்று பேர் ஏழு பேரானோம். அவன், மனைவி அனிற்றா, இரண்டு பிள்ளைகள்.

அந்த ஞாயிறு வழக்கம்போலப் பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியாவிடம் நடந்து போனோம். பலேர்மோச் சைவர்கள் ஞாயிறு காலையில் கத்தோலிக்கப் புனிதையிடம் ஏறுவதில் ஒரு குழப்பமும் இல்லை. அவர் எந்தச் சமயம் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் எங்களிடம் பெர்மெஸ்ஸோ கேட்டதில்லை. இறங்கும்போது அருளையா அண்ணை தோளில் கை போட்டார். எங்கள் ஊர் ஒன்றியத்தின் தலைவர். பதினொரு வருடமாகத் தலைவர், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் "வேறை ஆராவது வாறியளோ?" என்று கேட்பார், நாங்கள் எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

"தம்பி, கேம்பரிலை போறியளாம்."

செருப்பைப் பார்த்தேன்.

"ஒரு குடும்பம் தனியப் போறது பாதுகாப்பில்லை, கண்டியளோ. தெரியாத இடம். நானும் அக்காவும் வாறம். வயசு போன ஆக்கள் ஒண்டு ரண்டு பேர் கூட நிக்கிறது நல்லது."

அக்கா என்றது அவருடைய மனைவியை. ஒன்பது பேர். மலையில் காற்று நன்றாக வீசியது.

றஞ்சித் 'கேம்பர் பயணம்' என்று வாட்ஸப் குழு தொடங்கினான். மூன்று நாளில் இருநூறு செய்தி. ஆட்டிறைச்சியை எங்கே வாங்குவது, இடியப்ப உரலை யார் கொண்டு வருவது, பெரிய சோற்றுப் பானைக்குக் கேம்பரின் மின்சாரம் தாங்குமா, பாட்டுப் பெட்டி எத்தனை வோட். படுக்கிறதுபற்றி ஒரேயொரு செய்தி: "பாய் விரிச்சால் ஒன்பதென்ன, பத்தொன்பதும் படுக்கலாம்."

"இது மூண்டு பேருக்குப் பதிஞ்சது," என்று சிவானுஜா எழுதினாள்.

சிரிக்கும் முகங்கள் ஆறு வந்தன. "பிள்ளை நல்லாப் பகிடி விடுறா," என்று அருளையா அண்ணை எழுதினார். பிள்ளை குழுவிலிருந்து வெளியேறினாள். "போன் பழுதோ?" என்று அனிற்றா கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான பிரச்சினை வந்தது. திங்கட்கிழமை இராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது.

ஒன்பதுக்குப் பிறகு புறப்படலாம் என்றான் றஞ்சித். அருளையா அண்ணை உடனே போன் எடுத்து எல்லோரையும் ஒரே அழைப்பில் கூட்டினார். "தம்பியவை, ஒரு விஷயம். கலண்டரிலை போட்டிருக்கிறது சூரியன்ரை நேரம். இஞ்சை இத்தாலிக்காரன் கோடையிலை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறான். ராகு அவன்ரை சொல்லைக் கேட்டு முன்னுக்குப் போகுமோ?"

"போகாதோ அண்ணை?"

"எப்பிடிப் போகும்? அது கிரகம். ஆகவே கோடையிலை ராகு எட்டரைக்குத் தொடங்கிப் பத்துக்குத்தான் முடியும்."

"அப்ப போன வருசம் நாங்கள் கார் எடுத்தது?" என்றான் றஞ்சித் பயந்துபோய்.

"அந்தக் கார் இப்ப எங்கை?"

அந்தக் கார் ஆறாம் மாதத்தில் ஒரு மதிலில் ஏறி நின்றது. ஆனாலும் அவன் விடவில்லை. சுவரில் உள்ள மணிக்கூடு என்ன சொல்கிறதோ அதுதான் நேரம், சம்பளமும் அந்த மணிக்கூட்டுக்குத்தான் தருகிறார்கள் என்றான். நாற்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு, எங்கள் ஒன்றியத்துக்கே உரிய முறையில், இருவர் சொல்வதும் சரி என்று தீர்மானமாயிற்று. ஏழரையிலிருந்து பத்துவரை முழுவதையும் விலக்குவது. மற்ற ஊர்களில் ஒரு நாளைக்கு ஒரு இராகு. எங்களுக்கு இரண்டு. பத்துக்கு வாடகை வளவின் வாசலில் எல்லோரும் கூடி, பத்தேகாலுக்கு நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வெளிக்கிடுவது. எலுமிச்சம்பழம் அருளையா அண்ணையின் பொறுப்பு.

"ஆனால் வாகனத்தை ஏழரைக்கல்லோ எடுக்கோணும்?" என்று ஞானம் கேட்டாள்.

"கையெழுத்து வைக்கலாம். திறப்பு வாங்கலாம். ஏறியும் இருக்கலாம்," என்றார் அருளையா அண்ணை. "சில்லு உருளக்கூடாது. அவ்வளவுதான். தம்பி கஜானன் முதலே போய் வாகனத்துக்குள்ளை இருக்கட்டும். அவர் பொறுமையான ஆள்."

அந்தப் பின்னேரம் சிவானுஜா என் அறை வாசலில் வந்து நின்றாள். நான் புத்தகத்தை மடித்தேன்.

"நான் வரேல்லை," என்றாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. "நீங்கள் எட்டுப் பேரும் போட்டு வாங்கோ. திங்கக்கிழமை ஒப்பந்தப் பேப்பர் வாசிக்கிறதுக்கு மட்டும் வாறன். உங்கடை இத்தாலியன் துடைக்கிற சாமானுக்குத்தான் காணும்."

சொல்வதற்குச் சரியான வார்த்தையைத் தேடினேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். கொஞ்ச நேரம் என்றால், அவளுக்குத் தெரிந்த என் கணக்கில். பிறகு போய்விட்டாள்.

வார்த்தை கிடைத்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஏழு இருபத்தைந்துக்கு நானும் அவளும் துறைமுகத்துக்குப் பக்கத்து வளவில் நின்றோம். வளவுக்காரன் லொரென்சோ, என்னைவிட இளையவன், ஏழரைக்கே வியர்த்துப்போய் நின்றான். கேம்பர் வெள்ளை நிறம். தள்ளி நின்று பார்த்தால் குளிர்சாதனப் பெட்டியைப் படுக்கவைத்தது போல இருந்தது. அவன் அடுப்பைக் காட்டினான், தண்ணீர்த் தொட்டியைக் காட்டினான், கழிப்பறைப் பெட்டியை எப்படிக் கழற்றி ஊற்றுவது என்று காட்டினான். கடைசியை மட்டும் எனக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. தொழில்முறை அனுபவம்.

சிவானுஜா ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்துச் சொன்னாள், செய்தி வாசிப்பவர்களின் குரலில்.

"ஆக்கூடினது நாலு பேர். அஞ்சாவது ஆள் ஏறினால் காப்புறுதி இல்லை."

"ம்."

"எட்டரைக்கு முதல் வளவிலை இருந்து எடுக்கோணும். எட்டரைக்கு இவர் கேற்றைப் பூட்டிப்போட்டு ஜெனோவாக் கப்பலுக்குப் போற ஆக்களுக்கு வாகனம் குடுக்கப் போறாராம். பதினொண்டுக்குத்தான் திரும்பி வருவாராம்."

நான் லொரென்சோவைப் பார்த்தேன். அவன் கேற்றைப் பார்த்தான்.

"வெளியிலை ரோட்டிலை நிப்பாட்டலாம்," என்றாள் சிவானுஜா. "சில்லு ஒரு பத்து மீற்றர் உருளும். அதை அருளையா மாமா மன்னிப்பார். பத்துமட்டும் காவலிருங்கோ." தோளில் தொங்கிய பையைக் கழற்றித் தந்தாள். "இதையும் வையுங்கோ. மூண்டுதான் இருக்கு. மிச்ச ஆக்களுக்குக் கடதாசித் தட்டு எடுக்கலாம்."

பைக்குள் மஞ்சள் தட்டுகள். வாங்கிய கடையின் விலைத்துண்டுகூடக் கழற்றவில்லை.

"போட்டு வாறன்," என்றாள்.

கேற்றடி வரைக்கும் இருபது அடி இருக்கும். அவள் வேகமாக நடப்பவள் அல்ல. ஆறாவது அடியிலோ ஏழாவது அடியிலோ நான் சரியான வார்த்தையைத் தேடுவதை விட்டேன்.

"ஏறு," என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "எங்கை?"

"முன்னுக்கு. எனக்குப் பக்கத்திலை. வழி தெரியாது."

"பத்து மணிக்கோ?"

"இப்ப."

"இப்ப இராகு காலம்," என்றாள். இத்தாலியில் பிறந்து, வகுப்பில் மெய்யியலில் முதலாவதாக வந்த பிள்ளை.

"ஓம்," என்றேன். "அதுதான் இப்ப. இந்த நேரத்திலை ஒருத்தரும் எங்களைத் தேட மாட்டினம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பகிடியா என்று பார்த்திருப்பாள். நான் பகிடி விட்டு அவள் கண்டதில்லை, ஆகவே ஒப்பிட ஒன்றும் இருக்கவில்லை.

"மாமா?"

"அவனுக்குச் சொல்லுவன்."

"எப்ப?"

இதற்குப் பதில் சொல்வதற்குள் வாசலில் மூன்று சில்லு ஆப்பே வண்டி ஒன்று புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. பின்பெட்டியில் பானைகளுக்கு நடுவே ஞானம் இருந்தாள். நாலு மணிக்கு எழும்பி ஒன்பது பேருக்குச் சமைத்து, எல்லாவற்றையும் முதலே ஏற்றிவைக்க வந்தவள். ஆட்டிறைச்சிச் சட்டி மடியில். சந்தையில் மீன் ஏற்றும் வண்டிக்காரன் அவளைக் கையைப் பிடித்து இறக்கினான், பானைகளை ஒவ்வொன்றாக இறக்கினான், ஏழாவது பானையில் "சிஞ்ஞோரா, போருக்கா போறியள்?" என்று கேட்டான்.

நான் அவளிடம் போனேன். பதினெட்டு வருடத்தில் சொல்லாததை ஒரு வரியில் சொல்ல வேண்டியிருந்தது.

"ஞானம், நாங்கள் மூண்டு பேரும் இப்ப போறம்."

"ஆர் மூண்டு பேர்?"

"நாங்கள்."

"மற்றாக்கள்?"

"வரேல்லை."

"வரேல்லை எண்டு ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

சட்டியைக் கீழே வைத்தாள். "விசரே உங்களுக்கு? அவன் பொடியளுக்கு நீச்சல் உடுப்பெல்லாம் வாங்கிப்போட்டான். நான் என்ன முகத்தோடை அவனோடை கதைக்கிறது? கூடப் பிறந்தவன்."

"பிள்ளை வரமாட்டாளாம். எங்கடை கேம்பருக்கு, எங்கடை பிள்ளை வரமாட்டாளாம்."

அவள் சிவானுஜாவைப் பார்த்தாள். சிவானுஜா லொரென்சோவின் வளவு மதிலோடு நின்ற எலுமிச்சை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கலையை அவள் யாரிடம் பழகினாள் என்று யாரும் கேட்கவில்லை.

லொரென்சோ மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினான். எட்டு ஏழு.

"இப்ப இராகு காலம் எல்லோ," என்றாள் ஞானம். குரல் இறங்கிவிட்டது. தம்பியை விட்டுவிட்டு இராகுவுக்கு வந்துவிட்டாள் என்பதைக் கவனித்தேன். இருவரில் இராகுவோடு பேரம் பேசுவது சுலபம்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பானைகளை எண்ணினாள். மகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, தனக்குத்தானே கணக்குப் பார்ப்பவள் போல, சொன்னாள்:

"அருளையா அண்ணையின்ரை கணக்குப்படி ராகு எட்டரைக்குத்தான் தொடங்குது."

"றஞ்சித்தின்ரை கணக்குப்படி?"

"அவன் எந்தக் காலத்திலை கணக்கிலை பாஸ் பண்ணினவன்?" என்றாள். அடுத்த நிமிடம் அவள் வேறு ஆள். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? எட்டரைக்கு முதல் சில்லு உருளோணும். சட்டியைத் தூக்குங்கோ. சிவா, உந்தப் பெட்டியைப் பிடி! எலுமிச்சம்பழம் எங்கை?"

"அருளையா மாமாட்டை," என்றாள் சிவானுஜா.

மூன்று பேரும் எலுமிச்சை மரத்தைப் பார்த்தோம். சிவானுஜா போய் லொரென்சோவிடம் ஏதோ சொன்னாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு நாலு பழம் பிடுங்கித் தந்தான். ஞானம் ஒவ்வொரு சில்லுக்கும் ஒன்றாக வைத்ததைக் குனிந்து பார்த்தான்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு, சிஞ்ஞோரா," என்றான் மனம் நொந்தவனாக.

எட்டு இருபத்தாறுக்கு நாலு பழமும் நசிந்தன. ஞானம் பின்னால் பானைகளைக் கட்டிப்பிடித்தபடி தேவாரத்தின் முதல் இரண்டு வரியைச் சொல்லி, பிறகு சாந்தா ரொசாலியாவையும் கூப்பிட்டு வைத்தாள். ஒருவர் லீவில் இருந்தாலும் மற்றவர் பார்ப்பார்.

நான் இவ்வளவு நீளமான வாகனம் ஓட்டியதில்லை. துறைமுகச் சந்தியில் திரும்பியபோது ஒரு குப்பைத் தொட்டியைக் கொஞ்சத் தூரம் கூட்டிக்கொண்டு போனேன். எந்த இராகுவின் கணக்கில் அது சேரும் என்று தெரியவில்லை. சிவானுஜா "வலம், அப்பா, வலம்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அதிவேகப் பாதையில் ஏறியதும் இடது பக்கம் கடல் வந்தது. போகும் வழியெல்லாம் கூடவே வந்தது.

பத்து மணிக்கு முகாமின் வாசலில் நின்றோம். உள்ளே விடுவது பதினொன்றுக்கு என்று பலகையில் இருந்தது. பத்து மூன்றுக்கு ஞானத்தின் போன் அடித்தது. அவள் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு சிவானுஜாவின் போன். பிறகு என்னுடையது.

"நீங்கள் சொல்லுறன் எண்டியள்," என்றாள் மகள்.

எடுத்தேன். கேம்பருக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள்.

"அத்தான்!" றஞ்சித்துக்கு மூச்சு வாங்கியது. "நாங்கள் இஞ்சை கேற்றடியிலை. கேற் பூட்டியிருக்கு. உள்ளுக்கு வாகனம் இல்லை. உங்களையும் காணேல்லை. கள்ளர் கொண்டு போட்டாங்களோ தெரியேல்லை அத்தான்! பொலிசுக்கு அடிக்கட்டோ?"

பின்னால் அருளையா அண்ணையின் குரல் கேட்டது: "அவர் எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார், தம்பி. இந்த நேரத்திலை ஒரு தமிழனும் வெளிக்கிட மாட்டான். இது கள்ளர்தான்."

ஒரு நிமிடம் பேசாமலிருந்தால் போதும். கேம்பர் களவு போயிற்று என்று அவர்களே முடிவெடுத்து, பொலிசில் முறையிட்டு, எனக்கு ஆறுதலும் சொல்லியிருப்பார்கள். மௌனத்துக்கு இவ்வளவு வசதி இருக்கிறது என்று அதுவரை நான் நினைக்கவில்லை. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கள்ளரில்லை, றஞ்சித். நான்தான்."

"நீங்களோ? எங்கை நிக்கிறியள்?"

"செஃபலூவுக்கு அங்காலை."

"எப்ப வெளிக்கிட்டனியள்?"

"எட்டு இருபத்தாறு."

அந்தப் பக்கம் யாரோ "ஐயோ" என்றார்கள். அனிற்றாவாக இருக்கும்.

"அப்ப நாங்கள் அண்ணையின்ரை காரிலை பின்னாலை வாறம். அரை மணித்தியாலம் நில்லுங்கோ, என்ன?"

இந்த 'என்ன?' எனக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருடமாக ஒவ்வொருவரும் அந்த 'என்ன?'வுக்குள்ளால்தான் என் வீட்டுக்குள் வந்தார்கள்.

"வர வேண்டாம்," என்றேன். "இது நாங்கள் மூண்டு பேர் மட்டும் போற பயணம். முதலே சொல்லியிருக்கோணும். பிழை என்னிலைதான்."

றஞ்சித் பேசவில்லை. அவனை எனக்கு இருபது வருடம் தெரியும். அவன் பேசாமலிருந்தது இதுதான் முதல் தடவை. அது அவ்வளவு நன்றாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னால் அவன் பிள்ளைகளில் ஒன்று 'மாரே, மாரே' என்று கடலைக் கேட்டு அழுதது.

"அப்ப ஏன் அண்டைக்கு ஓம் எண்டியள்?"

"நான் ஓம் எண்டேல்லை. நான் ஒண்டுமே சொல்லேல்லை."

"அதைத்தான் நானும் சொல்லுறன்," என்றான் றஞ்சித். வைத்துவிட்டான்.

ஞானம் பின்னால் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "இனி அவன் தீபாவளிக்கும் வரமாட்டான்," என்றாள். இன்னும் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "பாவம், பொடியளை மொண்டெல்லோவுக்கு எண்டாலும் கூட்டிக்கொண்டு போவான்," என்றாள். அன்று மாலை றஞ்சித் குழுவில் படம் போட்டான். மொண்டெல்லோக் கடற்கரையில் ஆறு பேர், பாட்டுப் பெட்டியோடு. கீழே அருளையா அண்ணை எழுதியிருந்தார்: "நல்ல நேரம் பார்த்து வெளிக்கிட்டதால் எல்லாம் சிறப்பாக நடந்தது." குழுவிலிருந்து என்னை நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. நான் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பதினொன்றுக்கு எங்களை உள்ளே விட்டார்கள். எங்கள் இடத்துக்குச் சிவானுஜா சொன்னபடி நிழல் விழுந்தது. வாகனத்தை நிறுத்தினேன். ஞானம் உள்ளே போய் அடுப்பைத் திறந்து பார்த்து, "இதை ஒருத்தரும் ஒழுங்காத் துடைக்கேல்லை," என்று துணியை எடுத்தாள். நான் இரண்டாவது துணியை எடுத்தேன். சிவானுஜா இரண்டையும் பறித்துக் கதவுக்கு வெளியே எறிந்தாள்.

பிறகு மூன்று மஞ்சள் தட்டில் ஒன்பது பேருக்குச் சமைத்ததைச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்து, மூன்று மடிப்புக் கதிரையைக் கடலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று திட்டத்தில் இல்லை.

ஞானம் சேலையைச் சரிசெய்தாள். நான் கடலைப் பார்த்தேன். கடல் பெரிதாக இருந்தது. சோபாவில் யாரோ ஒருவர் இருந்து ஏதாவது சொல்வார், அதற்குப் பதிலாக நாங்கள் ஏதாவது சொல்வோம். அப்படித்தான் எங்கள் வீட்டில் கதை நடந்துவந்தது. இப்போது தொடங்கிவைக்க ஆளில்லை. அரை மணித்தியாலம் போயிருக்கும். பக்கத்து இடத்து ஜெர்மன்காரர் எங்களைப் பார்த்து, செத்த வீடு என்று நினைத்தாரோ என்னவோ, தன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"அப்பா," என்றாள் சிவானுஜா. "குவெஸ்தூராவிலை நம்பர் கூப்பிடுமட்டும் இருக்கிற மாதிரி இருக்கு."

அவள் முகத்தைப் பார்த்தேன். குறை சொல்கிறாளா என்று பார்த்தேன். அவள் காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடை நம்பர் என்ன?" என்று கேட்டேன்.

"இருநூற்றிப் பன்ரண்டு."

"இப்ப எத்தினை போகுது?"

"நாலு," என்றாள்.

ஞானம் எழுந்து உள்ளே போனாள். பாணுக்குள் முட்டை வைக்கும் சத்தம் கேட்டது.